குமுளியில் ருசி காட்டி விற்கும் டீ: பார்த்து வாங்குங்கள்

தேக்கடிக்குப் போகிறவர்கள் குமுளிக் கடைத்தெருவில் வாசனை டீ, மூலிகை டீ என்று வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ருசிக்கு ஒன்றைக் கொடுத்துப் பாக்கெட்டில் வேறொன்றைத் தரும் இதே வித்தை வேறு கடைகளிலும் நடப்பதாகக் கம்பத்தில் பலர் சொல்கிறார்கள்.

கடைக்காரர் தமிழ்தான். "வாங்கண்ணே, குடிச்சுப் பாருங்க, பிடிச்சா மட்டும் வாங்குங்க" என்று ஃபிளாஸ்க்கில் இருந்து சின்னப் பேப்பர் கப்பில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் டீயின் மணம் விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்றது. செம்பருத்தி டீ நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளித்தது. வெள்ளை டீயில் லேசான தித்திப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றையும் கேட்டேன். பாக்கெட்டுகள் உள்ளறையில் இருந்து வந்தன.

வீட்டில் ஏலக்காய் டீ பாக்கெட்டைப் பிரித்ததும் வீடே மணத்தது. வெந்நீர் ஊற்றினால் அந்த மணம் அத்தனையும் ஆவியோடு போய்விட்டது, வாயில் வெறும் கசப்பு. வடிகட்டியில் கிடந்தது ஏலத்தோல் மட்டும், பேருக்குக்கூட ஒரு கறுப்பு விதை இல்லை. விதையை எடுத்துவிட்டுத் தோலில் எசென்ஸ் தெளித்திருக்கிறார்கள். போடியில் ஏலக்காய் ஏல மையம் இருக்கும் மாவட்டத்துக்காரனிடமே இந்த வேலை!

செம்பருத்தி இதைவிட மோசம். டீக்குப் போடுவது நம் வீட்டுச் செம்பருத்தி இல்லை, புளிச்சக்கீரை வகைச் செடி ஒன்றின் புல்லி இதழ். அது இயல்பாகவே புளிக்கும், எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆகும். எனக்குக் கிடைத்ததில் புளிப்பே இல்லை. எலுமிச்சை பிழிந்தேன், சிவப்பு போய் மஞ்சளாகிவிட்டது. அப்போதுதான் பொடிக்குள் மரச்சிராய் இருப்பது கண்ணில் பட்டது. கேரளாவில் சாப்பாட்டுக் கடைகளில் இளஞ்சிவப்பாக வெந்நீர் தருவார்களே, அந்தப் பதிமுகம்! குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லை.

வெள்ளை டீயில் வெள்ளி ரோமம் படர்ந்த மொட்டுகள் இருக்க வேண்டும். இதில் முற்றிய இலைதான், சுமாரான கிரீன் டீ.

ஃபிளாஸ்க்கில் இருப்பதைக் குடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் பாக்கெட்டையே பிரித்து, சர்க்கரை போடாமல், கண்ணெதிரே போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பொருட்களின் பட்டியல், பேக் செய்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒரு கலர் படம் மட்டும்தான்.

போன் செய்தால், "பாக்கெட் மாறிருக்கும்ண்ணே, அடுத்த தடவை வர்றப்போ பாத்துக்கலாம்" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம் என்றால், பில் என்று கையில் இருப்பது "டீ வகை" என்று மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுச்சீட்டு. கடைப் பெயர், தேதி, எடை எதுவும் அதில் இல்லை.