கார் மேல லேசா தூசி: டஸ்டரா, ஸ்ப்ரேயா, ப்ளோயரா, தண்ணியா?

கழுவி ரெண்டு நாள்கூட ஆகிருக்காது, அதுக்குள்ள பானெட், ரூஃப், டிக்கின்னு எல்லா இடத்துலயும் பவுடர் போட்ட மாதிரி ஒரு படலம் வந்து உக்காந்திருக்கும். இதுக்குன்னு மறுபடியும் பக்கெட்டு, ஷாம்பூன்னு இறங்க யாருக்கும் மனசு வராது. கைக்கு கெடச்ச துணிய எடுத்து நாலு தட்டு தட்டி ரெண்டு இழு இழுத்துட்டு கெளம்பிடுறோம். பெயிண்ட் பாழாகுறது பெரும்பாலும் அந்த ரெண்டு இழுப்புல தான். இந்த லேசான தூசிய எடுக்க இருக்குற வழிகள ஒண்ணோட ஒண்ணு வெச்சு பாத்துடலாம். என் ஓட்டு ரின்ஸ்லெஸ் வாஷுக்கு தான், அதாவது லிக்விட் கலந்த தண்ணில துடைச்சுட்டு அலசாம விடுற முறைக்கு, அத முதல்லயே சொல்லிடுறேன், ஆனா மத்தது எல்லாம் வேஸ்ட்டுன்னும் சொல்ல மாட்டேன்.

முதல்ல எதிராளி யாருன்னு பாக்கணும். இப்ப வர்ற கார்கள்ல கலர் பெயிண்டுக்கு மேல இருக்குற கிளியர் கோட் தோராயமா 40-50 மைக்ரான் தான், ஒரு தலைமுடி கனம் கூட இருக்காது. அதுக்கு மேல வந்து விழுற தூசில என்ன இருக்குன்னா, மண்ணுல இருந்து கெளம்புன குவார்ட்ஸ் துகள் இருக்கு, கடினத்த அளக்குற மோஸ் அளவுகோல்ல அதுக்கு 7, சாதாரண கத்தியோட ஸ்டீலே அஞ்சு அஞ்சரை பக்கம் தான் வரும், அப்போ கிளியர் கோட் எம்மாத்திரம். தூசி சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாது. அத அழுத்தி இழுக்கும்போது தான் கோடு விழும். நிழல்ல பாத்தா பளபளன்னு தெரியுற காரு, வெயில்லயோ போன் டார்ச்லயோ பாத்தா வெளிச்சத்த சுத்தி வட்டம் வட்டமா சிலந்தி வலை தெரியுதே, அது தான் இது. உண்மைல அந்த கீறல் எல்லாம் வட்டமா இருக்கணும்னு இல்ல, நாலா பக்கமும் கெடக்குற கோடுகள்ல வெளிச்சத்துக்கு குறுக்க இருக்குறது மட்டும் மின்னுறதால வட்டமா தெரியுது. பாலிஷ் போட்டா போயிடும், ஆனா பாலிஷ்னா கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்ச்சு எடுக்குறது தான், அதனால இஷ்டத்துக்கு போட்டுட்டே இருக்க முடியாது.

காஞ்ச துணி, பழைய பனியன், டிக்கில மடிச்சு வெச்சிருக்குற அந்த மஞ்சத்துணி, இதெல்லாம் போட்டியிலயே இல்ல. தூசிய உள்ள வாங்கிக்க அதுல எடம் கெடையாது, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவுல மண்ணு உருண்டுட்டே வரும். அதுலயும் துணிய ஒரு தடவ கீழ போட்டுட்டு எடுத்தீங்கன்னா அது துணி இல்ல, சாண்ட்பேப்பர்.

அடுத்தது மெழுகு டஸ்டர். சண்ட நடக்குறது எல்லாம் இதுக்கு தான். கலிஃபோர்னியா கார் டஸ்டர்னு ஒண்ணு ரொம்ப காலமா இருக்கு, காட்டன் இழைகள்ல பாரஃபின் மெழுகு ஏத்தியிருப்பாங்க, தூசி அதுல ஒட்டிக்கும். புதுசா வாங்குனா மெழுகு அதிகமா இருக்கும், நேரா கார்ல வெச்சா எண்ணெய் கோடு விழும், அதனால பழைய பேப்பர் மேல ஒரு நாள் ரெண்டு நாள் விரிச்சு வெச்சுட்டு தான் எடுக்கணும். கழுவக்கூடாது, கழுவுனா மெழுகு போயிடும், அழுக்கு ஏற ஏற தான் நல்லா வேல செய்யும்னு சொல்லுவாங்க. எனக்கு ஒத்து வராத எடம் இது தான். ஒட்டுன மண்ணு எங்க போகும், உதறுனா கொஞ்சம் விழும், மிச்சம் இழைக்குள்ள தானே இருக்கு? அதுக்காக இத தூக்கி போட சொல்லல. நேத்து கழுவுன கார், ஷெட்டுக்குள்ள நின்னுட்டு இருந்துச்சு, மேல கனமே இல்லாத தூசி, அப்படின்னா இந்த டஸ்டர் மாதிரி வேகமா முடியுறது எதுவும் இல்ல. கைப்பிடிய லூஸா பிடிச்சு, டஸ்டரோட சொந்த எடை மட்டும் மேல படுற மாதிரி, முன்னாடி இருந்து பின்னாடி ஒரே திசையில இழுக்கணும். ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவ காரை விட்டு தள்ளி நின்னு உதறணும். பம்பர், டோரோட கீழ் பாதி, வீல் பக்கம் எல்லாம் தொடவே கூடாது, அங்க இருக்குறது டயர் வாரி அடிச்ச ரோட்டு மண்ணு. இவ்வளவு கண்டிஷனையும் தினமும் காலைல அவசரத்துல யாரு கடைபிடிப்பா? டஸ்டரால கீறல் விழுந்துச்சுன்னு சொல்றவங்களும் பல வருஷமா யூஸ் பண்றேன் ஒண்ணும் ஆகலன்னு சொல்றவங்களும் ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு தான் நெனைக்கிறேன், வித்தியாசம் கையிலயும் கார் நிக்குற எடத்துலயும் இருக்கு.

மைக்ரோஃபைபர் டஸ்டர், அதான் பூச்சி கால் மாதிரி கொத்து கொத்தா தொங்குமே, அது துவைக்கலாம்ங்குற ஒரே காரணத்துக்காக மெழுகு டஸ்டர விட எனக்கு பிடிக்கும். ஆனா மெழுகு இல்லாததால தூசிய பிடிச்சு வெக்குறது கொஞ்சம் கம்மி, அப்புறம் காஞ்ச நிலையில தேய்க்க தேய்க்க ஸ்டாட்டிக், அதாவது தூசிய இழுக்குற நிலை மின்சாரம் ஏறும், துடைச்சு முடிச்ச அரைமணி நேரத்துல மறுபடியும் தூசி வந்து உக்காந்த மாதிரி தெரியும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் எதுவும் ஊத்தாதீங்க, இழைய மூடி அதோட பிடிப்ப கெடுத்துடும்.

இப்ப ஈரத்துக்கு வருவோம். குவிக் டீட்டெய்லர், வாட்டர்லெஸ் வாஷ் ரெண்டும் கார் மேல அடிச்சு துடைக்குற ஸ்ப்ரே தான், ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. குவிக் டீட்டெய்லர் மெல்லிசான தூசிக்கும் விரல் ரேகைக்கும் தான், வாட்டர்லெஸ்ல வழுக்கல் தர்ற சரக்கு கூட இருக்கும், அதனால கொஞ்சம் கூடுதல் தூசிய தாங்கும். ரெண்டுக்கும் தத்துவம் ஒண்ணு தான், மண்ணுக்கும் பெயிண்டுக்கும் நடுவுல ஒரு வழுக்கல் லேயர். சிக்கனம் பாக்காம தாராளமா அடிக்கணும், கொஞ்ச நேரம் ஊறணும், அப்புறம் டவல லேசா வெச்சு ஒரே திசையில இழுத்து எடுக்கணும், வட்டமா தேய்க்கக்கூடாது. டவல நாலா மடிச்சா மொத்தம் 8 பக்கம் கெடைக்கும். ஒரு பக்கம் அழுக்கு பட்டதும் திருப்பிடணும். எதிர் வெயில்ல கொதிக்குற பானெட்ல அடிச்சா துடைக்குறதுக்குள்ள காஞ்சு கறை பிடிச்சிடும். என் குறை என்னன்னா, நல்லா அடிச்சா பாட்டில் சீக்கிரம் காலியாகும், அத பயந்து கம்மியா அடிச்சா காஞ்ச துணிக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லாம போயிடும்.

ரின்ஸ்லெஸ் எனக்கு பிடிச்சது இதனால தான். ஒரு பக்கெட் தண்ணி, அதுல மூடி அளவு லிக்விட். ஆப்டிமம் நோ ரின்ஸ்னு பேர் வாங்குனது ஒண்ணு இருக்கு, அதுல 256 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு, அதாவது 10 லிட்டருக்கு சுமார் 40 மில்லி. அதே தண்ணிய ஒரு ஸ்ப்ரே பாட்டில்லயும் ஊத்தி முதல்ல பேனல் முழுக்க அடிச்சு ஊற விடுங்க. பக்கெட்ல ஏழெட்டு மைக்ரோஃபைபர் டவல் ஊறிட்டு இருக்கட்டும், ஒண்ண எடுத்து லேசா பிழிஞ்சு, மடிச்சு, மேல இருந்து கீழ இழுங்க. அழுக்கான டவல் திரும்ப பக்கெட்டுக்குள்ள போகக்கூடாது, ஓரமா போட்டுட்டு அடுத்தத எடுங்க. பின்னாடியே ஒரு காஞ்ச டவல்ல ஒத்தி எடுத்தா முடிஞ்சது, தண்ணி ஊத்தி அலச வேண்டியதில்ல. தண்ணி நெறைய இருக்குறதால கை தானா தாராளமா வரும். ஆகுற நேரம் டஸ்டர விட நெறையவே ஜாஸ்தி, டவல் துவைக்கிற வேலையும் சேரும், சோம்பேறிகளுக்கு இது செட் ஆகாது.

தொடாம எடுக்குறது தான பெஸ்டுன்னு ப்ளோயர் பார்ட்டி கேப்பாங்க. கீறல் விஷயத்துல அவங்க சொல்றது சரி. ஆனா காத்து பெரிய துகளையும் சருகையும் தான் தள்ளும், மெல்லிசு தூசி பெயிண்ட்ட கவ்விட்டு அப்படியே நிக்கும், கால்வாசி சுத்தமான காரோட நிக்க வேண்டியது தான். கழுவுனப்புறம் கண்ணாடி இடுக்குல, கிரில்ல தேங்குன தண்ணிய ஊதி எடுக்க ப்ளோயர் சூப்பர், தூசிக்கு அரைகுறை. ஹோஸ்ல தண்ணி அடிக்குறதும் கிட்டத்தட்ட இதே கதை, மேலாப்புல இருக்குறது போகும், காஞ்சதும் ஒரு மங்கல் தெரியும், உப்புத்தண்ணியா இருந்தா கால்சியம் புள்ளி வேற. துடைக்குறதுக்கு முன்னாடி செய்யுற முதல் படியா வெச்சுக்கிட்டா ரெண்டுமே நல்லது.

தூசி எப்படிப்பட்டதுன்னு பாத்து மாத்திக்கணும். ராத்திரி பனி பெஞ்சு காலைல காஞ்சிருந்தா அது லேசான தூசி இல்ல, ஒட்டுன சேறு, அங்க எந்த டஸ்டரும் வேணாம். பக்கத்துல கட்டட வேல நடந்து சிமெண்ட் தூசி விழுந்திருந்தா ஈரத்துல இறுகிடும், அத மட்டும் முதல்ல ஊதியோ நெறைய தண்ணி அடிச்சோ உடனே இறக்கிடுங்க, தேய்க்காதீங்க. கருப்பு கார் வெச்சிருக்கவங்களுக்கு டஸ்டரே வேணாம்னு சொல்லுவேன், வெள்ளையும் சில்வரும் மன்னிச்சு விட்டுடும். மேட் ஃபினிஷுக்கு மெழுகு கலந்த எதுவும் ஆகாது. செராமிக் கோட்டிங் போட்டாச்சு இனி கவல இல்லன்னு இருக்காதீங்க, தூசி ஈஸியா விடும்ங்குறது நெசம், கீறல் விழாதுங்குறது விளம்பரம். வார கடைசில எப்படியும் கழுவ போறீங்கன்னா அது வரைக்கும் தொடாம விடுறதும் ஒரு வழி தான், தூசியோட ஓடுற காரால யாருக்கும் நஷ்டம் இல்ல. முன் கண்ணாடிய மட்டும் வாஷர் தண்ணி அடிச்சுட்டு வைப்பர் போடுங்க.