பல் சுத்தம் செய்யப் பழகும்போது: கைக் கருவியா, அல்ட்ராசொனிக் மெசினா?

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் இருக்கும் சித்தி மகள் போன மாதம் போன் எடுத்தாள். டென்டல் ஹைஜீன் படிக்கச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. “அக்கா, அப்பா கொஞ்சம் காசு தர்றேன்னு சொல்றாரு. கைக் கருவி செட் வாங்கவா, இல்ல சின்ன அல்ட்ராசொனிக் மெசின் வாங்கவா? ரெண்டுல ஒன்னுதான் முடியும்” என்றாள். சித்தப்பா எப்படிச் சேர்த்த காசு என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே பதில் சொல்லாமல், இரவு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அப்போது நான் கைக் கருவியை எடுத்தேன். இப்போது ஹட்டனில் ஒரு பல் டொக்டரிடம் வேலை செய்கிறேன். அங்கே இரண்டையும் தினமும் பிடிக்கிறேன். ஆனாலும் படிக்கிற பிள்ளை எதில் கையைப் பழக்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் மாறவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பல்லில் படிந்த காரையை அதிர்வால் பெயர்க்கும் மெசின் வேகமானது. ஈறுக்குக் கீழே சுத்தம் செய்வதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மெசினால் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது. மணிக்கட்டுக்கும் மெசின்தான் இதம். வெற்றிலைக் கறை ஏறிய பல்லுக்குக் கைக் கருவியோடு மல்லுக்கட்டுவது வீண். மெசினையும் கடைசியில் பொலிஷ் பண்ணும் பசையையும் எடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கைக் கருவிக்குக் கரண்டும் தண்ணீரும் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

விஷயம் பராமரிப்பில் இருக்கிறது. கைக் கருவியின் பெரிய குறையாக எல்லோரும் சொல்வது, அதை ஓயாமல் சாணை பிடிக்க வேண்டும் என்பது. நான் அதை வாங்கச் சொல்வதற்கான காரணமும் அதே சாணைதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் தாத்தா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்பே லயத்து வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழும்புவோம். “மொட்டக் கத்தி வாத வெட்டாது, கிழிக்கும். கிழிஞ்ச வாது அழுகிப் போகும்” என்பார். வகுப்பில் முதன்முதலாக, ஈறுக்குக் கீழே காரையைச் சுரண்டி எடுக்கும் கைக் கருவியான கியூரெட்டைக் கையில் கொடுத்து, மழுங்கினால் என்ன ஆகும் என்று விளக்கியபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது.

கியூரெட்டின் விளிம்பு மழுங்கிவிட்டால் பல்லில் கெட்டியாகப் படிந்த காரை பெயர்ந்து வராது. மேல் பாகம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அதன் மேல், காரை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் எக்ஸ்புளோரர் ஊசியை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், பல் சுத்தமாகிவிட்டது என்று கை நம்பிவிடும். ஆனால் காரை அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் அதை எடுப்பது முதலில் இருந்ததைவிடக் கஷ்டம்.

எனக்கு இது நடந்தது. இரண்டாம் வருடத்தில் நோர்வூட் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார், கொழுந்து எடுப்பவர். கீழ்க் கடைவாயில் ஒரு பல்லுக்கே நாற்பது நிமிடம் எடுத்தேன். கை வலிக்க வலிக்க அழுத்தினேன், அவரும் வாயை மூடாமல் பொறுத்துக்கொண்டு இருந்தார். ஆசிரியர் வந்து ஊசியை வைத்துப் பார்த்துவிட்டு, பல் இடுக்கில் ஒரு விளிம்பு அப்படியே இருப்பதைக் காட்டினார். என் கையில் இருந்த கியூரெட்டை விளக்கில் பிடிக்கச் சொன்னார். விளிம்பு பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாக மின்னியது. கூரான விளிம்புக்குத் தடிப்பே இல்லை, அதனால் ஒளி படாது. மழுங்கியதுதான் மின்னும். அந்த நாற்பது நிமிட வலியும் அந்த அம்மாவுக்கு நான் சும்மா கொடுத்தது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாளில் இருந்து தினமும் சாயந்தரம் சாணைக்கல்லோடு உட்கார்ந்தேன். செய்முறை இதுதான். கியூரெட்டை இடது கையில் இறுக்கிப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, நுனி நம்மைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். அலகின் மேல்முகம் தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். கல்லை அலகின் பக்கத்தில் செங்குத்தாக வைத்து, அதன் மேல்முனையை 10 முதல் 20 பாகை வெளியே சாய்க்க வேண்டும். அதாவது கல்லுக்கும் மேல்முகத்துக்கும் இடையில் 100 முதல் 110 பாகை. அப்படித் தீட்டினால் அலகின் உள்கோணம் 70 முதல் 80 பாகைக்குள் நிற்கும். கல்லைக் குறைவாகச் சாய்த்தால் விளிம்பு மொத்தையாகும். கூடச் சாய்த்தால் மெலிந்துபோய் இரண்டே பல்லில் மழுங்கும். குதியில் தொடங்கி நுனி வரை சின்னச் சின்ன இழுப்புகள், கடைசி இழுப்பு கீழ்நோக்கி முடிய வேண்டும். கூர் வந்ததா என்று அக்ரிலிக் குச்சியில் வைத்துப் பார்க்கலாம். கூரான அலகு பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும்.

இப்படி ஒரு மாதம் செய்த பிறகுதான் கிரேசி கியூரெட் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று எனக்கு உண்மையில் புரிந்தது. அதற்கு வேலை செய்யும் விளிம்பு ஒன்றுதான். மேல்முகம் தண்டுக்கு 70 பாகையில் சாய்ந்திருப்பதால் கீழே இருக்கும் விளிம்பு மட்டுமே பல்லில் படும். யூனிவர்சல் கியூரெட் 90 பாகை, அதற்கு இரண்டு விளிம்பும் வேலை செய்யும். இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணித்தான் வைத்திருந்தேன். ஆனால் எந்த விளிம்பைத் தீட்டுவது என்று கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான், வாய்க்குள் எந்த விளிம்பைப் பல்லில் சாய்ப்பது என்ற குழப்பமும் தீர்ந்தது. தண்டின் கடைசிப் பகுதி பல்லுக்குச் சமாந்தரமாக நின்றால் கோணம் தானாகச் சரியாகும் என்று ஆசிரியர் நூறு தடவை சொல்லியிருப்பார். கல்லில் உட்கார்ந்த பிறகு அதை அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அதோடு கூரான கருவிக்கு அழுத்தம் தேவை இல்லை. அழுத்தாத விரலுக்குத்தான் காரையின் சொரசொரப்பும் வேரின் வழுவழுப்பும் வேறு வேறாகத் தெரியும். ஈறுக்குக் கீழே கண் போகாது, விரல்தான் பார்க்க வேண்டும். மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, பேனா பிடிப்பதுபோல் கருவியைப் பிடித்து, அந்தச் சின்ன அதிர்வைக் கேட்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பின் பாதி. பிளாஸ்டிக் தாடையில் பல் வேரில் நகப் பாலிஷைத் தடவிக் காயவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுத்துப் பழகினோம். மழுங்கிய கருவியோடு பழகியவர்களுக்குக் கடைசி வரை அந்தத் தொடுவுணர்வு சரியாக வரவில்லை என்பது நான் பார்த்தது.

சரி, மெசினுக்கு வருகிறேன். நான் பெரும்பாலும் பிடித்தது, மின்சாரம் பட்டால் அதிரும் பளிங்கில் இயங்கும் பீசோ வகை. காந்தத்தால் இயங்கும் மற்ற வகையை நாலைந்து நாள்தான் தொட்டிருக்கிறேன். அதனால் இங்கே சொல்வது பீசோவைப் பற்றி. அதன் நுனி நேர்கோட்டில் முன்னும் பின்னும் அதிர்கிறது, ஆகவே பக்கங்களைத்தான் பல்லில் வைக்க வேண்டும். கூர்முனையைப் பல்லுக்கு நேராகக் குத்தினால் வேர் பள்ளமாகும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பல் சூடாகும். இதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

பழகும் பிள்ளைக்கு எது ஆபத்து என்றால், மெசின் சத்தம் போடும், தண்ணீர் தெளிக்கும், கண்ணாடி மங்கும். கை அதிரும்போது காரை எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிவது குறையும். மெசினின் மிதியில் இருந்து காலை எடுத்துவிட்டு ஊசியால் தேடிப் பார்க்கும் பழக்கம் வராவிட்டால், மெசின் ஓடியது என்பதையே வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வோம். தேடத் தெரிந்த கைக்கு மெசின் நல்ல துணை. அந்தத் தேடலை அது கற்றுத் தராது.

மெசினுக்கும் தேய்மானம் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நுனி 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுமார் 25 சதவீதச் செயல்திறன் போகும், 2 மில்லிமீட்டரில் பாதி போய்விடும். அளந்து பார்க்க ஒரு அட்டை வரும். அதை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. தேய்ந்த நுனியைத் தீட்ட முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும். அதிலும் புரி இரண்டு வகை: ஈஎம்எஸ் கம்பெனி மெசினுக்கான நுனி சாடெலெக் கம்பெனி மெசினில் பொருந்தாது. வாங்கும்போதே இதைக் கேட்காவிட்டால், பின்னால் கொழும்பில் இருந்து வரும் பார்சலைப் பிரித்துவிட்டுத்தான் தெரியும். என் சாணைக்கல் நாலு வருடமாக அதே கல்தான். கருவிகளை முதலில் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது நீராவியில் கிருமி நீக்கி, தீட்டி, மறுபடி ஆட்டோகிளேவ் செய்கிறேன். நோயாளியின் ரத்தம் பட்ட அலகைத் தீட்டும்போது விரலில் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் படித்தது 2022இல். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பயிற்சிக்குப் போன இடத்தில் மெசின்கள் துணி மூடிக் கிடந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, புது நுனி வரவழைக்க வழி இல்லை. கைக் கருவி வைத்திருந்தவர்கள் ஜன்னல் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு வேலை செய்தோம். அந்தக் காலம் போய்விட்டது, அதை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மலையில் மழை இறுகினால் கரண்டு போவதும், குழாயில் மண் கலந்த தண்ணீர் வந்து மெசினின் வழி அடைப்பதும் இன்றைக்கும் நடக்கிறது.

குளிரையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி காலையில் பீசோ மெசினின் தண்ணீர் ஈறு இறங்கிய வேரில் பட்டால் நோயாளி கதிரையில் இருந்து எழும்பிவிடுவார். போத்தலில் தண்ணீர் ஊற்றும் மெசின் என்றால் வெதுவெதுப்பான சுத்தமான நீரை ஊற்றலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பாதி வலி அதிலேயே குறையும்.

இன்னொன்று என்னை இந்தப் பக்கம் சாய வைத்தது. ஈறு நோய் பாடத்தில் ஒரு நாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் என்று ஒரு ஸ்லைட் வந்தது. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரின் குழு 1970இல் தொடங்கி 15 வருடம் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்தது. பல் துலக்கும் பழக்கமும் சிகிச்சையும் கிடைக்காதவர்கள். 1986இல் வந்த முடிவில் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமாக, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. உலகம் முழுக்கப் பல் மருத்துவம் படிப்பவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்த வகுப்பில் இருந்த எனக்கு அது எண்ணாகத் தெரியவில்லை. தாத்தா வயதுக்காரர்கள். அவர்கள் பல்லில் எல்லாம் காரை கெட்டியாக இருந்தது. அந்தக் காரையை எடுக்க அன்றைக்கு யாரும் இல்லை.

இன்றைக்கு எங்கள் கதிரையில் வந்து உட்காருபவர்கள் அவர்களின் பிள்ளைகள். “மிஸ், இதுதான் முதத் தடவ” என்று ஐம்பது வயதில் வருகிறார்கள். பழைய, கருத்த, ஈறுக்குக் கீழே ஒட்டிய காரை. அதற்கு நான் முதலில் மெசினைப் போட்டுப் பெரிய கட்டிகளை உடைக்கிறேன், பிறகு ஊசியால் தேடுகிறேன், பிறகு கியூரெட். இதை மறைக்க விரும்பவில்லை: வேலையில் மெசின் இல்லாமல் ஒரு நாளில் இத்தனை பேரைப் பார்க்க முடியாது. ஆனால் நடுவில் இருக்கும் அந்தத் தேடலையும் முடிவில் இருக்கும் அந்த இழுப்பையும் நான் சாணைக்கல்லில் இருந்துதான் கற்றேன்.

இரவு தங்கச்சியைக் கூப்பிட்டேன். கிரேசி கியூரெட்டில் 5/6, 7/8, 11/12, 13/14 என்ற நாலு எண்கள், முன்பற்களுக்கு அரிவாள் வடிவில் ஒரு சிக்கிள் ஸ்கேலர், ஒரு எக்ஸ்புளோரர், ஒரு சிராமிக் சாணைக்கல், ஒரு அக்ரிலிக் குச்சி. இவ்வளவு போதும். மலிவு கருவிகள் சீக்கிரம் மழுங்குகின்றன என்பது என் அனுபவம். நான் அவற்றோடு அதிக காலம் இருக்கவில்லை, ஆனாலும் நாலு கிரேசியை மட்டுமாவது நல்ல கம்பெனியில் எடுக்கச் சொன்னேன். மெசின் பயிற்சி நிலையத்தில் இருக்கிறது, அங்கே ஓட்டிப் பழகிக்கொள் என்றேன்.

“அக்கா, சாணை பிடிக்க வராட்டி?” என்றாள்.

“தைப்பொங்கலுக்கு வரும்போது மொட்டையாப் போனதெல்லாம் எடுத்துட்டு வா. ஒன்னாத் தீட்டுவோம்” என்றேன். தாத்தாவின் கல் இன்னும் லயத்து வாசலில் கிடக்கிறது, அதைக் கருவிக்கு எடுக்க முடியாது, ரொம்பச் சொரசொரப்பு. என் கல்லை வைத்திருக்கிறேன்.