பார்ட் ஃபோர் பேப்பர்கள்: படிக்கலாமா, தூங்கலாமா?

தங்கை இந்த வருடம் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே வந்து, "அண்ணா, பார்ட் ஃபோர்னு ஏதோ இருக்கே, அதையெல்லாம் படிக்கணுமா?" என்று கேட்டாள். நான் தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தவன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் என்று எங்கள் நான்கு மாவட்டங்களும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மொழிப் பாடம், மேஜர் போக எல்லோரும் எழுதவேண்டிய இந்த பார்ட் ஃபோர் பேப்பர்களிடமிருந்து தப்ப முடியாது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் சுற்றுச்சூழல் கல்வி. உச்ச நீதிமன்றமே சொல்லித்தான் எல்லாப் பட்டப்படிப்பிலும் இது வந்தது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2003-ல் போட்டுக் கொடுத்த பாடத்திட்டத்தில் எட்டு யூனிட், 50 வகுப்பு, அதில் கடைசி யூனிட் முழுக்க வெளியே போய்ப் பார்ப்பது. எங்களுக்கு அந்தக் கடைசி யூனிட் வரவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு, செராக்ஸ் கடை நோட்ஸ், பாதிப் பேர் தூக்கம். சிப்கோ இயக்கம், அமைதிப் பள்ளத்தாக்கு என்று எல்லாம் எழுதினோம். ஃப்ளோரைடு மட்டும் ஒரே வரியில் போய்விட்டது. யாருக்கு? எங்களுக்கு! போரிங் தண்ணீர் குடித்தே பல் காவி பிடித்த பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த ஊர். தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பதே எனக்குப் பரீட்சை முடிந்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனால் அடுத்த செக்‌ஷனுக்கு வந்த கவுரவ விரிவுரையாளர் மேடம், ஆளுக்கு ஒரு பாட்டில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கெமிஸ்ட்ரி லேபில் மருந்து விட்டுக் காட்டினாராம். ஃப்ளோரைடு ஏற ஏற சிவப்பு மஞ்சளாகிவிடும். அந்த செக்‌ஷன் பசங்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பேப்பர், ஒரே சிலபஸ்தான்.

அப்புறம் என்எம்இ, அதாவது வேறு துறையில் நாமே எடுக்கும் விருப்பப் பாடம். விருப்பம் நம்முடையது இல்லை, டைம்டேபிள் போடுகிறவருடையது. எனக்கு விழுந்தது தமிழக வரலாறு. கடுப்போடுதான் போய் உட்கார்ந்தேன். ஜம்பை கல்வெட்டு வந்த அன்று நிமிர்ந்துவிட்டேன். 1981-ல் கண்டுபிடித்த தமிழி (பழந்தமிழ்) எழுத்து, நம் அதியமானே 'அதியன் நெடுமான் அஞ்சி' என்று பெயரோடு இருக்கிறார், அந்தப் பெயருக்கு முன்னால் 'சதியபுதோ' என்றும் இருப்பதால், அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கும் அதில்தான் விடை கிடைத்தது. அதியமான்கோட்டை வழியாகத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன் நான்! ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையோடு அந்த ஆளை விட்டுவிட்டிருந்தேன். மூன்று வருடத்தில் நான் பிட் அடிக்காமல், மனசோடு எழுதிய பேப்பர் அது ஒன்றுதான் (மேஜர் பேப்பர் சார்கள் மன்னிக்கவும்).

பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு என்எம்இக்குப் பதில் அடிப்படைத் தமிழ். தளி பக்கத்திலிருந்து வந்த என் நண்பன் தெலுங்கு மீடியம். முதலில் அவனைக் கிண்டல் செய்தோம், ஆறு மாதத்தில் பஸ் போர்டைப் படித்துக்கொண்டு தனியாகச் சேலம் போய் வந்தான். இந்த மொத்தப் பட்டியலில் கொடுத்த வேலையை உருப்படியாகச் செய்த பேப்பர் அதுதான் என்பேன்.

மதிப்புக் கல்வி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 'நேர்மையின் சிறப்புகள் ஐந்து எழுதுக' என்ற கேள்விக்குப் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதியவர்கள் நாங்கள்.

தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: என்எம்இ லிஸ்ட் ஒட்டும் அன்றைக்குக் காலையிலேயே போய் நில், சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். வரலாறு கிடைத்தால் விடாதே. மார்க் கூட்டுச் சதவீதத்தில் சேராது என்று எவனாவது சொன்னால் நம்பி லீவு போடாதே, பாஸ் ஆகாமல் டிகிரி கையில் வராது. சுற்றுச்சூழலுக்கு யார் வகுப்பு எடுக்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டுக்கொள். கைடு மட்டும் வாங்காதே, என்னுடையது அலமாரியில் பிரிக்காமலே இருக்கிறது.