விதை வங்கியின் பட்டாணித் தொகுப்பு: விளைச்சலுக்கு உழைப்பவர் வாங்கலாமா?

பட்டாணியில் விளைச்சலைக் கூட்ட நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஒன்றுக்கொன்று உறவில்லாத பெற்றோர்ச் செடிகள். பூ மலர்வதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர் இது. நல்ல ரகங்களை மட்டும் மாற்றி மாற்றிக் கலப்பு செய்தால் சில தலைமுறைகளில் பொறுக்கி எடுக்க எதுவும் மிஞ்சாது. அதனால்தான் ஒரு விதை வங்கியிடம் தொகுப்பு கேட்டேன்.

கேட்டு வாங்குவது சுலபம். 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தாவர மரபுவள உடன்படிக்கையின்படி நாடுகள் பகிர்ந்துகொள்ளும் பயிர்ப் பட்டியலில் பட்டாணியும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம்தான், கையெழுத்துப் போட்டால் விதை வந்துவிடும்.

வந்த உறைகளைத் தட்டில் கொட்டியதுமே மனசு நிறைந்துவிட்டது. வழவழப்பான வெளிர் மஞ்சள், சுருங்கிய பச்சை, பழுப்பில் ஊதாப் புள்ளி, கறுத்த விதைத்தழும்பு என ஒவ்வொன்றும் ஒரு விதம். பிசம் ஃபல்வம் என்ற காட்டினத்தின் விதை சிறியது, கருமையானது, தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து நனைத்தால்தான் ஒழுங்காக முளைக்கிறது. காய் காய்ந்ததும் வெடித்துச் சிதறும் என்பதால் வலைப்பை கட்ட வேண்டும். இத்தனை சிரமப்பட்டாலும் தகும்: விதையைத் துளைக்கும் வண்டுக்கு எதிர்ப்புத் திறன் தருவது இந்த இனம்தான்.

வயலில் என்னை நிறுத்திவைத்தது அஃபிலா வகை. சிற்றிலைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பற்றுக்கம்பிகள். பக்கத்துச் செடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் காய் பிடித்த பிறகும் வரிசை சாயவில்லை. பட்டாணி விளைச்சலைத் தின்பதே சாய்வுதான், அதனால் இந்த ஒரு மரபணுவுக்காகவே தொகுப்பை வாங்கலாம். சாம்பல் நோயைத் தாங்கவைக்கும் இஆர்1 மரபணு உள்ளது என்று குறித்திருந்த வரிசையும் ஏமாற்றவில்லை. சுற்றிலும் அந்த நோய் வெள்ளையாய்ப் படர, அது மட்டும் பச்சையாகவே நின்றது.

சரி, விளைச்சல்? செடிக்கு எத்தனை காய் என்பதில் வித்தியாசம் பெரிது. காய்க்கு எத்தனை விதை என்பதில் குறைவு. நூறு விதை எடை ரகத்துக்கு ரகம் நன்றாக மாறுகிறது, மண்ணும் பருவமும் அதை அதிகம் அசைப்பதில்லை. ஆனால் செடியின் மொத்த விளைச்சலில் சூழலின் கை ஓங்கியிருக்கிறது, அதை மட்டும் பார்த்துச் செடி பொறுக்கினால் அடுத்த தலைமுறை கைவிட்டுவிடும். நான் காய் எண்ணிக்கையையும் விதை எடையையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் போக்கு பட்டாணியில் உண்டு, அதை மீறி இரண்டிலும் தேறும் செடிதான் கலப்புக்கு உண்மையான லாபம்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. அஃபிலா என்று எழுதிய ஓர் உறையிலிருந்து சாதாரண இலைச் செடிகளும் முளைத்தன. அஃபிலா ஒடுங்கு பண்பு, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் அதே மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். தனக்குத்தானே சேர்ந்த செடியிலிருந்து சாதாரண இலை வர வழியே இல்லை. ஆக, உறையில் கலப்படம். எழுதிக் கேட்டேன், மரியாதையாகப் பதில் வந்தது, ஆனால் வங்கியின் விதைப் பட்டியலில் திருத்தம் இன்னும் வரவில்லை. மரபு வளத்தைக் காப்பவர்களிடம் இந்த அலட்சியம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தக் குறிப்பை நம்பித்தான் ஒருவர் பல பருவ உழைப்பைப் போடுகிறார். அப்புறம், பல மாதிரிகளுக்குச் சேகரித்த இடமே எழுதப்படவில்லை. காட்டினத்துக்கு அது பெரிய இழப்பு.

உறைக்கு வரும் விதையும் கொஞ்சம்தான். முதல் பருவம் முழுக்கப் பெருக்கத்துக்கே போய்விடும், மறுமுறை நட்டு ஒப்பிடும் விளைச்சல் சோதனைக்கு அதற்குப் பிறகுதான் இடம். நேராக ரகமாக வெளியிடப் பெருவிளைச்சல் விதை தேடுபவருக்கு இது பயன்படாது. கலப்புக்குப் பெற்றோர் தேடுபவர் தயங்காமல் வாங்கலாம். பெருக்கும்போதே ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள், இலையும் பூவும் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கலப்பில் இறங்குங்கள்.