பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: கணவன் மனைவியாகச் சுற்றுலா போகிறவர்களுக்கு ரயில்தான் சரி

எட்டு நாட்டை ஒரே மூச்சில் காட்டுகிறோம் என்ற பஸ் டூர் விளம்பரத்தைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். "மூணு ஊர் போதும்மா, நின்னு நிதானமா பாக்கணும்." அப்படித் தேர்ந்தெடுத்தவைதான் இந்த மூன்றும். 1918 வரை ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் இருந்த ஊர்கள். மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எங்களைப் போல அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதைவிடத் தோதான சுற்று கிடையாது.

பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட் மூணு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. விமான நிலையம்போல ஊருக்கு வெளியே அலைய வேண்டாம், பெட்டியை எடை போடவும் ஆள் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சாதாரண டிக்கெட்டோடு இருக்கை வராது. அதற்குச் சில யூரோ தனியாகக் கட்ட வேண்டும். கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்ட நாளில் நின்றுகொண்டு போக நேரும். வியன்னாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆரல்வாய்மொழி மாதிரி வரிசை வரிசையாகக் காற்றாலைகள். இவர் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

பிராகில் கோட்டை மேட்டில் இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்கள் படிக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம். 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடுகிறது. உள்ளே இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்திருக்கிறார்கள். சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் தோளோடு தோள் இடிக்கும். பாலத்தில் உள்ள 30 சிலைகளில் நெபோமுக் ஜான் என்ற புனிதரின் சிலைக்குக் கீழே உள்ள வெண்கலப் பலகையைப் பாருங்கள். ஜானை ஆற்றில் தள்ளும் காட்சி அது. முழுப் பலகையும் கறுத்திருக்க, ஜனங்கள் தொட்டுத் தொட்டு ஓரிரு இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது. பழைய ஊரில் நாணயம் மாற்றும் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பாதீர்கள், கையில் எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள். ஏமாந்தது போலத் தோன்றினால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்ய செக் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

வியன்னாவில் எல்லாரும் ஷோன்ப்ரூன் அரண்மனைக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்குக் கலை வரலாற்று அருங்காட்சியகம்தான் ஒரு படி மேல். 16ஆம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது அங்கேதான். 1563இல் அவர் வரைந்த, பைபிள் கதையில் வரும் பாபேல் கோபுரத்தின் ஓவியத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். இடது கீழ் மூலையில் ராஜா வேலையைப் பார்வையிட வந்திருக்கிறார், கல் தச்சர்கள் மண்டியிடுகிறார்கள். அதற்கு மேலே எறும்பு அளவில் ஆட்கள் கல் ஏற்றுகிறார்கள், ஏணி சாத்துகிறார்கள். கோபுரமோ ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. இவரும் அலுக்காமல் பார்த்தார். கால் வலித்தபோது உட்கார நடுவில் சோபா போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் இது ஒன்றே போதும்.

சாப்பாடு: நாங்கள் சைவம். பிராகில் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும். வியன்னாவில் பிளம் ஜாம் அடைத்து மேலே கசகசா தூவிய ஆவியில் வெந்த உருண்டை. புடாபெஸ்டில் பூரிக்கு அண்ணனான லாங்கோஷ், பூண்டு தடவிச் சுடச்சுட. சூப் வாங்குமுன் மட்டும் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புடாபெஸ்டில் தங்கிய அடுக்ககத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி பெட்டி தூக்கினோம். பதிவு செய்யும்போது படத்தில் லிஃப்ட் காட்டியிருந்தார்கள். வந்த கோபத்தைத் தணித்தது 1913இல் திறந்த செச்செனி வெந்நீர்க் குளியல் மாளிகை. நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர், மஞ்சள் நிறக் கட்டடம் சூழ்ந்த திறந்தவெளிக் குளம், மார்பளவு தண்ணீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். கட்டணம் அதிகம்தான், ஆனால் இவருடைய முட்டிக்கு அன்று கிடைத்த சுகத்துக்கு அது தகும். அங்கே போக 1896இல் ஓடத் தொடங்கிய, அந்த ஊரின் முதல் மெட்ரோ வழித்தடமே இருக்கிறது. ஆழமில்லை, சில படி இறங்கினால் நடைமேடை. வெள்ளை ஓடு பதித்த குட்டி நிலையங்கள். சாயங்காலம் டான்யூப் கரையில் 2ஆம் எண் டிராமில் ஏறினால் நாடாளுமன்றமும் சங்கிலிப் பாலமும் உட்கார்ந்தபடியே தெரியும்.

விமான டிக்கெட்டைப் பிராகில் இறங்கி புடாபெஸ்டிலிருந்து கிளம்புவது போல எடுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம். அந்த நாளை வியன்னாவுக்குக் கொடுங்கள்.