ஹைலைட்டரா, அட்டையா, வெற்றுத்தாளா? முதலாண்டு உடற்கூறியலுக்கு எது கைகொடுக்கும்

நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் என்று எதில் சேர்ந்திருந்தாலும் முதலாண்டில் மண்டையைக் காய வைப்பது உடற்கூறியல்தான். வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள் என்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு எலும்பிலும் உள்ள மேட்டுக்கும் பள்ளத்துக்கும் துளைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அந்த மேட்டில் ஒட்டும் தசைக்கு ஒரு பெயர், தசையை இயக்கும் நரம்புக்கு இன்னொரு பெயர். பள்ளியில் முந்தைய நாள் ராத்திரி புரட்டிவிட்டுப் போய் எழுதின வித்தை இங்கே செல்லாது. அந்த ஒரு வருஷத்தில் நான் மூன்று வழிகளை மாறி மாறிப் பிடித்துப் பார்த்தேன்.

முதலில் ஹைலைட்டர். என் புத்தகம் இரண்டே மாதத்தில் மஞ்சள் குளித்துவிட்டது. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும், 'இதுதான் தெரியுமே' என்று தோன்றும். தெரிந்த முகம் எதிரே வந்து சிரிக்கும்போது பெயர் மட்டும் நாக்கு நுனியிலேயே நிற்குமே, அந்தக் கதைதான். முதல் செய்முறைத் தேர்வில் தோள்பட்டை எலும்பைக் கையில் கொடுத்து "இது வலதா, இடதா?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்க நான் கோடு போட்டிருந்தேன். பதில் மட்டும் வரவில்லை.

இதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு பிரிவினர் நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆக, தேர்வறை வாசலில் நின்றுகொண்டு புரட்டுவதற்கு ஹைலைட்டர் நல்ல ஆயுதம். அதைத் தாண்டி அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை சில நாள் தள்ளி வரும், தவறியது நாளைக்கே வந்து நிற்கும். செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் பத்திரிகையாளர் 1972-இல் பெட்டிகளை வைத்துச் சொன்ன முறை இது. 2006-இல் வந்த ஆன்கி செயலி அந்த நாள்கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. மூளை நரம்புகள் 12, மணிக்கட்டு எலும்புகள் 8 போன்ற பெயர்ப் பட்டியல்களுக்கு இதை அடிக்க ஆளில்லை. வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில்கூட முப்பது அட்டை ஓட்டிவிடலாம்.

ஆனால் இதில் இரண்டு குழிகள். ஒன்று, அட்டை செய்வதே படிப்பு என்று ஆகிவிடுவது. நான் ஒரு ஞாயிறு முழுக்க வண்ணம் மாற்றி, படம் ஒட்டி அறுபது அட்டை செய்தேன், அன்று ஒன்றையும் படிக்கவில்லை. சரி, அதற்குப் பதில் யாரோ செய்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்ளலாம் என்றால், நாலு நாள் விட்டதும் பாக்கி மலைபோல் குவிந்து செயலியைத் திறக்கவே பயமாகிவிடும். இரண்டாவது குழி ஆழமானது. அட்டை எல்லாவற்றையும் துண்டு போடுகிறது. ஸ்கஃபாய்டு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு என்று அட்டை சொல்லித்தரும். அதற்குள் ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது, அதனால் நடுவில் முறிந்தால் முழங்கை பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகலாம் என்ற தொடர்ச்சி ஓர் அட்டைக்குள் அடங்குவதில்லை.

அந்தத் தொடர்ச்சிக்குத்தான் வெற்றுத்தாள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து வரைவது. எனக்கு இதன் அருமையைக் காட்டியது கைக்கு நரம்பு தரும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னல். கழுத்தின் ஐந்தாம் தண்டுவட நரம்பு (சி5) முதல் மார்பின் முதல் நரம்பு (டி1) வரை ஐந்து வேர்கள். மேல் இரண்டும் ஒன்று சேரும், கீழ் இரண்டும் ஒன்று சேரும், நடுவில் சி7 தனியாக வரும். ஆக மூன்று தண்டுகள். ஒவ்வொன்றும் முன், பின் என்று பிரிந்து ஆறாகும், மறுபடி சேர்ந்து மூன்று வடங்களாகும், கடைசியில் ஐந்து பெரிய நரம்புகள். எழுத்தில் வாசித்தால் தலை சுற்றும். முதல் தடவை வரைய நாற்பது நிமிடம் ஆனது, அதுவும் தப்பும் தவறுமாக. ஒரு வாரத்தில் மூன்று நிமிடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் அந்த ஐந்தில் ஒன்றான, மணிக்கட்டைத் தூக்கும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பை மட்டும் நீட்டி, மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டி இறக்கிப் பார்த்தேன். அந்த எலும்பு நடுவில் உடைந்தால் மணிக்கட்டு ஏன் தொங்கிப்போகிறது என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. நேரத்தைத் தின்னும், எல்லாப் பாடத்தையும் இப்படி வரைய முடியாது. படம் அழகாக வரவில்லை என்று சிலர் பாதியில் விடுகிறார்கள். குச்சிக் கோடு போதும்.

கூட்டாகப் படிப்பதையும் முயன்றேன். இரண்டு பேர் என்றால் ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல என்று நன்றாகப் போகும். ஐந்து பேர் ஆனால் அரட்டைதான்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் வெற்றுத்தாளைத்தான் வைத்துக்கொள்வேன். அந்தக் கட்டாயம் இல்லாததால் இப்போது என் வழக்கம் இது: ஒரு முறை வாசிப்பு, கோடு கிடையாது. மூடிவிட்டு வரைவேன். புத்தகத்தைத் திறந்து, தவறியதைச் சிவப்பு மையில் திருத்துவேன். அந்தச் சிவப்பு மட்டும் அட்டைக்குப் போகும். ஒரு பாடத்துக்கு ஏழெட்டு அட்டைக்கு மேல் வருவதில்லை.