கலோரிக் கணக்கா, தட்டுக் கணக்கா?

அளவோடும் சத்தோடும் சாப்பிட நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சாப்பிடுவதையெல்லாம் எடை போட்டு, செயலியில் ஏற்றி, நாளுக்கு இத்தனை கலோரி என்று கணக்கு வைப்பது. இன்னொன்று, எதையும் எண்ணாமல் தட்டை மட்டும் பிரித்துக்கொள்வது: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011இல் வெளியிட்ட உணவுத் தட்டு இதுதான். உருளைக்கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதால் அதை அவர்கள் காய்கறியோடு சேர்க்கவில்லை. சரியான முடிவு.

கலோரிக் கணக்கு எங்கே ஜெயிக்கிறது என்றால், எண்ணெயில். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறத்தாழ 120 கலோரி. காய்கறியை ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கினாலும் மூன்று கரண்டியில் வதக்கினாலும் தட்டில் அதே பாதிதான் தெரியும். வயிற்றுக்குள் போவதிலோ 240 கலோரி வித்தியாசம். இங்கே தட்டு முறை கோட்டை விடுகிறது. குளிர்பானத்திலும் அப்படித்தான் ஆகிறது. ஹார்வர்டு படத்தில் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. ஒரு நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது.

சரி, அந்தக் கலோரி எண்ணிக்கையையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 28 கிராம் முழுப் பாதாமுக்குச் சுமார் 170 கலோரி என்பது வழக்கமான கணக்கு. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல், சாப்பிட்டவர்களின் உடலில் உண்மையில் சேர்வதை அளந்தபோது கிடைத்தது 129தான். மென்ற பிறகும் உடையாத செல்களுக்குள் சிக்கிய கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை, அந்த எண் தரத்தைப் பற்றி வாய் திறக்காது. பிஸ்கட்டும் கோலாவுமாக 1800 கலோரிக்குள் நின்றாலும் செயலி பச்சை விளக்குதான் காட்டும். தினமும் 400 கிராம் காய்கறி, பழம், அப்புறம் 25 கிராம் நார்ச்சத்து என்ற இலக்கை, மூன்று வேளையும் பாதித் தட்டைக் காய்கறிக்கும் பழத்துக்கும் விடுபவர் கணக்குப் போடாமலே நெருங்கிவிடுவார்.

அதனால் என் ஓட்டு தட்டு முறைக்கே. கூடவே ஒரு வாரம் மட்டும் எண்ணெயையும் சர்க்கரையையும் கரண்டியால் அளந்து பாருங்கள், கை அளவு பழகிவிடும். இன்சுலின் போடுபவர்கள் மாவுச்சத்தைக் கணக்கிட வேண்டியிருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டை நினைத்தாலே பயம், குற்ற உணர்வு என்று ஒருமுறை அவதிப்பட்டவர்கள் கலோரிச் செயலி பக்கமே போக வேண்டாம்; எண்கள் அந்தப் பயத்தைத்தான் வளர்க்கும்.